ஊர்ப் பெரியவர்களும் பெண்கள் மீதான வன்முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வன்முறை, குழந்தைத் திருமணம் பற்றிப் பேச தென் மாவட்டக் கிராமங்களுக்குப் போகும்போது நாங்கள் முதலில் தட்டுவது ஊர்த் தலைவர் வீட்டுக் கதவை. அடுத்து ஜமாஅத் அலுவலகம், பங்குத்தந்தையின் அறை, பூசாரி வீட்டுத் திண்ணை. இதற்காக இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியிருக்கிறோம். "பழைய ஆண்களின் காலில் போய் விழுகிறீர்களே" என்கிறார்கள் தோழிகள். "ஊர் விஷயத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறீர்கள்" என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பயிற்சிக் கூட்டங்களிலும் டீக்கடை வாசலிலும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இருக்கின்றன.

போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அடிபட்ட பெண்ணுக்காக ஊர்ப் பெரியவரிடம் ஏன் போய் நிற்க வேண்டும்?

நாம் போனாலும் போகாவிட்டாலும் அவர் ஏற்கெனவே அந்தப் பிரச்சினைக்குள் இருக்கிறார். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் சேர்த்தே 14 விழுக்காட்டினர்தான். அவர்களும் பெரும்பாலும் போவது பிறந்த வீட்டுக்கு. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதலே இருந்தும் நிலைமை இதுதான்.

பிறந்த வீட்டார் அடுத்து யாரிடம் போகிறார்கள்? நான் பார்த்தவரை, முக்கால்வாசிப் பேர் ஊர்ப் பெரியவரிடம்தான். அங்கே "பொறுத்துப் போம்மா, ஆம்பளை அப்படித்தான்" என்று ஒரு சொல் விழுந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிறாள். "நாளைக் காலையில் நானே கூட வருகிறேன், புகார் எழுதலாம்" என்று விழுந்தால் அவள் பிழைக்கிறாள். அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்காகத்தான் போய் நிற்கிறோம்.

பெரியவர் என்றால் யார்? எங்கள் ஊரில் நாட்டாமை எல்லாம் கிடையாது.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். அம்பலகாரர், ஊர்த் தலைவர், கடலோரக் கிராமங்களில் ஊர்க் கமிட்டி, பள்ளிவாசலில் நிர்வாகியான முத்தவல்லியும் தொழுகை நடத்தும் இமாமும், தேவாலயத்தில் பங்குத்தந்தை அல்லது சபைப் போதகர், கோயிலில் பூசாரி, கொடைவிழா நாளில் அருள் வந்து ஆடும் சாமியாடி. ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்றால் அவர்தான் பெரியவர், பட்டம் தேவையில்லை.

பெண்களிலும் பெரியவர்கள் உண்டு. பிரசவம் பார்த்த கிழவி, அன்பியம் எனப்படும் கத்தோலிக்கக் குடும்பக் குழுவின் பொறுப்பாளர், மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆலிமா. ஆண்களின் பட்டியலை மட்டும் எழுதிக்கொண்டு ஊருக்குள் போவது எங்களுடைய ஆரம்பகாலத் தவறு. அடி விழுந்த செய்தி முதலில் எட்டுவது இந்தப் பெண்களின் காதுக்குத்தான்.

கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. நீங்கள் அதற்குத் திரும்ப உயிர் கொடுக்கிறீர்களா?

நல்ல கேள்வி, கோபமாகவே கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டத்துக்குப் புறம்பானவை, ஒழிக்கப்பட வேண்டியவை என்று சொன்னது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அபராதம் போடுவது, ஊரைவிட்டுத் தள்ளிவைப்பது, காலில் விழச் சொல்வது எதற்கும் எந்தப் பெரியவருக்கும் உரிமை கிடையாது.

இவற்றில் மிகக் கொடியது, வன்புணர்வு செய்தவனுக்கே அந்தப் பெண்ணைக் கட்டிவைப்பது. "அவள் வாழ்க்கைக்கு ஒரு வழி செய்துவிட்டோம்" என்று அதை நியாயம் என்றே நம்பிச் செய்கிறார்கள். 2015இல் வன்புணர்வு வழக்கு ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றமே சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. கண்டனம் எழுந்த பின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதே நாட்களில் மதன்லால் என்ற வேறொரு வழக்கில், வன்புணர்வில் சமரசத்துக்கு எந்த நிலையிலும் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகச் சொன்னது. நீதிபதியே செய்யக் கூடாததை ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் செய்யலாமா?

ஆகவே நாங்கள் பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது: நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

தீர்ப்பும் சொல்லக் கூடாது, அபராதமும் போடக் கூடாது என்றால் அவர் என்னதான் செய்வது?

நிறையச் செய்யலாம். அடிப்பது ஊருக்கு அவமானம் என்று பலர் கேட்கச் சொல்லலாம்: வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையான பயானில், ஞாயிறு மறையுரையில், கொடைவிழா மைக்கில். அடிபட்டவள் வந்தால் அந்த இரவுக்கு அவளுக்கும் குழந்தைகளுக்கும் பத்திரமான வீடு பார்த்துத் தரலாம். பெண்கள் உதவி எண் 181க்கோ அவசர எண் 112க்கோ போன் செய்யலாம். குழந்தை என்றால் 1098. மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தரலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதிக்கப்பட்டவள்தான் போக வேண்டும் என்பதில்லை, யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு தந்தவர் மீது வழக்குப் போட முடியாது. இந்த ஒரு பிரிவைப் படித்துக் காட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை "நமக்கு ஏன் வம்பு" என்று இருந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. புகார் கொடுத்த பெண்ணை ஊர் ஒதுக்காமல் பார்த்துக்கொள்வது. பாதுகாப்புக்குக் கோர்ட் உத்தரவு தரும். அவள் வீட்டுக் காதுகுத்துக்கு ஊரார் வருவதற்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. பெரியவர் தம் மனைவியோடு முதல் ஆளாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர்களும் வருவார்கள். அவருடைய அதிகாரத்துக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

சேர்த்து வைப்பதுதான் பெரியவர்கள் வேலை. நீங்கள் குடும்பத்தைப் பிரிக்க அல்லவா சொல்லித் தருகிறீர்கள்?

குடும்பத்தைப் பிரித்தது முதல் அடி. அதற்குப் பின் நடப்பதெல்லாம் உயிரையும் மானத்தையும் காப்பாற்றும் ஏற்பாடு. அதோடு, சட்டத்திடம் போனாலே விவாகரத்துதான் என்பது தவறான எண்ணம். மேலே சொன்ன சட்டத்தில் அவள் அதே வீட்டில் இருந்துகொண்டே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், கணவரோடு அவள் குடியிருந்த வீட்டில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு. உத்தரவை மீறி அடித்தால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சேர்ந்து வாழ வேண்டும் என்று அவளே விரும்பினால் பெரியவர் உதவட்டும். ஆனால் அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும். நான் பார்த்த ஊர்க்கூட்டம் ஒன்றில் ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தூணுக்குப் பின்னால், கைக்குழந்தையோடு நின்றாள். "என்னம்மா, போகிறாயா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டார்கள். அவள் குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டு போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினாள். "சம்மதித்துவிட்டாள்" என்று எழுதிக்கொண்டார்கள்.

எங்கள் மார்க்கத்திலேயே மனைவியை அடிக்க அனுமதி இருக்கிறது என்கிறாரே ஒருவர். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அவர் சுட்டுவது குர்ஆனின் நான்காம் அத்தியாயம், 34ஆம் வசனம். அந்த வசனத்துக்கு விளக்கம் சொல்ல நான் ஆள் இல்லை, வெளியிலிருந்து போகும் எந்தத் தொண்டரும் ஆள் இல்லை. வாதத்தில் இறங்கினால் தோற்போம், தோற்கவும் வேண்டும். இந்தப் பதிலை அவருக்கு மார்க்கம் கற்ற ஓர் ஆலிம்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் ஆலிம்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட இமாம் ஒருவர் தம் பயானில் சொன்னது இது. நபிகள் நாயகம் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளையும் தம் கையால் அடித்ததே இல்லை என்று ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ் இருக்கிறது. உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவராக நடப்பவரே என்ற ஹதீஸும் இருக்கிறது. "நபி வழியான சுன்னத் என்று தாடி வைக்கிறோம், பல் துலக்க மிஸ்வாக் குச்சி வைக்கிறோம். இந்தச் சுன்னத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?" என்று அவர் கேட்டபோது பள்ளிவாசலில் சத்தமே இல்லை. நாங்கள் பத்துக் கூட்டம் போட்டாலும் அந்த அமைதியை உண்டாக்கியிருக்க முடியாது.

சிலுவையைச் சுமப்பதுபோல் சுமந்துகொள் என்று சாமியார் சொல்லிவிட்டார். அவர் சொல்லை மீறலாமா?

அவருடைய திருச்சபையே அப்படிச் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவு, வாழ்க்கைத் துணையால் உடலுக்கோ மனத்துக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. திருத்தந்தை பிரான்சிசும் 2016இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடலில், வன்முறையிலிருந்து மனைவியையும் குழந்தைகளையும் காக்கச் சில வேளைகளில் பிரிவு அறநெறிப்படியே தேவையாகிறது என்று எழுதினார்.

மற்றச் சபைகளில் "மனைவிகளே, கீழ்ப்படியுங்கள்" என்ற எபேசியர் 5ஆம் அதிகார வசனத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது; மூன்று வசனம் தள்ளி, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்ததுபோல் மனைவியிடம் அன்புகூரச் சொல்கிறது. முழு அதிகாரத்தையும் வாசிக்கும்படி போதகரிடம் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

எங்கள் ஊரில் இருப்பது அம்மன் கோயிலும் மாடன் பீடமும்தான். வேதமும் இல்லை, பிரசங்கமும் இல்லை. பூசாரியிடம் எதை வைத்துப் பேசுவது?

அந்தச் சாமியின் கதையை வைத்துத்தான்! தென் மாவட்டங்களில் கும்பிடப்படும் பெண் தெய்வங்களில் எத்தனையோ பேர் ஒருகாலத்தில் அநியாயமாகச் செத்த பெண்கள். குடும்பத்தாரே கொன்ற பெண், கர்ப்பத்தோடு கிணற்றில் விழுந்தவள், வரப்போரம் வெட்டுப்பட்டவள். கொன்ற குலம் தழைக்காது என்று பயந்துதான் பல இடங்களில் அவளுக்குப் பீடம் போட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். வில்லுப்பாட்டில் அவள் சாகும் கட்டம் வரும்போது கூட்டத்தில் இருக்கும் பெண்கள் அழுவதைக் கொடைக்குப் போன எவரும் பார்த்திருப்பார்கள்.

பூசாரி ஒருவரிடம் நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, இந்த அம்மனை அடித்தவன் கதையில் நல்லவனா, கெட்டவனா?" அவர் வெகுநேரம் விபூதித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் கொடையில் அருள்வாக்குக் கேட்க வந்த குடிகாரன் ஒருவனிடம், "என் பிள்ளை மேல் கை வைத்துவிட்டு என் வாசலுக்கு வராதே" என்று சாமி சொன்னது. ஆறு மாதம் அவன் கோயில் பக்கமே வரவில்லை. அடித்தானா, நிறுத்தினானா என்பது அவன் மனைவிக்குத்தான் தெரியும். அவள் கேட்ட இடத்தில் அப்படி ஒரு சொல் விழுந்தது என்பதே எனக்குப் பெரிது.

முகூர்த்தம் குறித்துக் கொடுத்ததற்கெல்லாம் கேஸ் போடுவார்களா?

போடலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாத திருமணத்தை நடத்திவைப்பவர், நடத்தச் சொல்பவர், உடந்தையாக இருப்பவர் யாருக்கும் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குருக்கள், இமாம், போதகர் என்ற வேறுபாடு சட்டத்தில் இல்லை. மண்டபக்காரர், பத்திரிகை அச்சடிப்பவர்களையும் மாவட்ட நிர்வாகங்கள் எச்சரிப்பது இதனால்தான். அதோடு, 18 வயது நிறையாத மனைவியோடு உறவு கொள்வதும் வன்புணர்வே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பெரியவர்களிடம் நாங்கள் கேட்பது சின்ன விஷயம். தேதி குறிக்க வருபவர்களிடம் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ முதலில் கேளுங்கள். ஜாதகத்தில் பிறந்த தேதி இருக்கிறது என்பார்கள். ஜாதகத்தை மாற்றி எழுதலாம், பள்ளிச் சான்றிதழை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. சந்தேகம் வந்தால் மாவட்டச் சமூக நல அலுவலருக்குச் சொல்லுங்கள், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் அவர்தான். நீதித்துறை நடுவரின் தடையாணை வாங்கியும் நிறுத்தலாம். தடையை மீறி நடந்த திருமணம் செல்லாது.

சாதி மாறிக் காதலித்தால் பெரியவர்கள்தானே வெட்டச் சொல்கிறார்கள்? அவர்களிடம் போகச் சொல்கிறீர்களே!

போகச் சொல்லவில்லை. சாதி மாறித் திருமணம் செய்தவர்கள், செய்யப்போகிறவர்கள் விஷயத்தில் ஊர்ப் பெரியவரிடம் போகவே போகாதீர்கள், இருக்கும் இடத்தையும் சொல்லாதீர்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. நல்லவர் என்று நாம் நம்புகிறவரும் தன் சாதி என்று வரும்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாது, பரிசோதித்துப் பார்க்க அது ஓர் உயிர்.

நேராகக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம் போங்கள். வயது வந்த இருவர் திருமணம் செய்வதைத் தடுக்கக் கூட்டம் கூடுவதே சட்டவிரோதம் என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு அமைக்கவும் பாதுகாப்பு இல்லங்கள் பற்றி அரசுகள் பரிசீலிக்கவும் சொன்னது. இந்த ஆபத்து இல்லாத காலத்தில், பொதுவாக, பெரியவர்களோடு சாதி பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அது நீண்ட வேலை. உயிராபத்து வந்த அன்று அந்த வேலையைத் தொடங்க முடியாது.

ஆண்களையே கெஞ்சுவதற்குப் பதில் பெண்களே பெரியவர்களாகிவிட்டால் என்ன?

ஆகியிருக்கிறார்கள். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் நடத்திய ஸ்டெப்ஸ் என்ற பெண்கள் அமைப்பிலிருந்து பெண்கள் ஜமாஅத் உருவானது. ஆண்கள் மட்டும் உட்காரும் ஜமாஅத்தில் பெண்ணின் வழக்கை அவள் இல்லாமலே பேசி முடித்ததற்கு எதிராக எழுந்தது அது. வரதட்சணை, தலாக், அடிதடி என்று பெண்கள் கொண்டுவந்த முறையீடுகளைப் பெண்களே உட்கார்ந்து கேட்டார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தும் வந்தவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைவி பெயரில் கணவர் கையெழுத்துப் போடும் ஊர்களும் உண்டு. ஆனாலும் ஒரு பெண் தலைவர் இருக்கும் இடத்தில் அடிபட்டவள் வாசலில் நின்று தயங்கும் நேரம் குறைகிறது. நான் கண்ணால் கண்டது.

எங்கள் ஊர் மட்டும் திருந்தி என்ன பயன்? பக்கத்து ஊரில் வரதட்சணை கேட்கிறார்கள், சின்ன வயதில் கட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் பெண்ணை யார் கட்டுவார்கள்?

இதே கேள்வியை ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் டெம்பா தியாவாரா என்ற கிராமத்து இமாம் கேட்டார். 1997இல் மாலிகூண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள், சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். அவர்கள் சொன்னது சரி, ஆனால் சொன்ன விதம் போதாது என்றார் அவர். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து முடிவெடுக்காவிட்டால், விட்டுவிட்ட ஊரின் பெண்ணுக்குத்தான் மாப்பிள்ளை கிடைக்காது. அவர் ஊர் ஊராக நடந்தே போய்ச் சொந்தக்காரர்களிடம் பேசினார். அடுத்த ஆண்டு 13 கிராமங்கள் ஒன்றாகக் கூடிக் கைவிட்டன.

நமக்கும் கணக்கு அதேதான். எந்தெந்த ஊர்களோடு சம்பந்தம் செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏழெட்டு ஊர்தான் வரும். அந்த ஊர்களின் பெரியவர்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். தனி ஊராக எடுக்கும் தீர்மானம் அடுத்த ஆவணி வரைக்கும்கூடத் தாங்காது.

தலைவரே தன் மனைவியை அடிப்பவராக இருந்தால்?

அவரை மேடையில் ஏற்றாதீர்கள். அவர் மைக் பிடித்து "பெண்மையைப் போற்றுவோம்" என்றால் கேட்கும் பெண்கள் எல்லாரும் நம்மைவிட்டு விலகிவிடுவார்கள், அவர் மனைவியும் சேர்த்து. கமிட்டியில் வேறு யாரோடு வேலை செய்யலாம் என்று பாருங்கள். அவருக்கு மேலே மறைமாவட்டமோ தலைமை நிர்வாகமோ இருந்தால் அங்கே பேசுங்கள். மலாவி நாட்டில் தெரசா கச்சிண்டமோட்டோ என்ற மரபுவழித் தலைவி, நூற்றுக்கணக்கான குழந்தைத் திருமணங்களை ரத்து செய்தவர். தமக்குக் கீழே அத்திருமணங்களை அனுமதித்த தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். அவை ரத்தானது உறுதியான பிறகே திரும்பச் சேர்த்துக்கொண்டார். மேலிருப்பவர் உறுதியாக இருந்தால் கீழிருப்பவர் வழிக்கு வருவார்.

குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமையை என்னிடம் நம்பிச் சொன்னார்கள். ரகசியம் காப்பது என் கடமை இல்லையா? (ஒரு போதகர் கேட்டது)

இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. மதத் தலைவர்களுக்கு அந்தப் பிரிவில் விலக்கு எழுதப்படவில்லை. கத்தோலிக்க குருக்களுக்கு ஒப்புரவு அருட்சாதன ரகசியம், அதாவது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற தனிச் சிக்கல் இருக்கிறது, அதை உடைப்பது அவர்கள் திருச்சபையில் பெருங்குற்றம். ஆனால் நம்மிடம் வரும் செய்திகள் பெரும்பாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லப்பட்டவை அல்ல. வராந்தாவில், அழுதுகொண்டே, தாய் சொன்னவை. அவற்றுக்கு அந்த ரகசிய முத்திரை கிடையாது.

வயது வந்த பெண்ணின் விஷயம் வேறு. அவள் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, அவள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லாதீர்கள். முக்கியமாக அவள் கணவனைக் கூப்பிட்டு, "உன் மனைவி வந்து இப்படிச் சொன்னாளே" என்று கேட்டுவிடாதீர்கள். நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகளில் மிக அதிகம் ரத்தம் சிந்தவைத்தது இதுதான்.

எல்லாம் மேடையில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். உண்மையிலேயே மாறிவிட்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறுதிமொழிப் பத்திரமும் குழுப் புகைப்படமும் எதையும் காட்டாது. பெரியவரைத் தேடி வரும் பெண்களின் எண்ணிக்கை முதலில் கூடும். அது நல்ல அறிகுறி, கொடுமை கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். வந்தவள் எங்கே அனுப்பப்பட்டாள், யார் கூடப் போனார்கள் என்று பாருங்கள். கூட்டத்தில் அவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாளா, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளா என்று பாருங்கள்.

நான் பதிவேடுகளையும் பார்ப்பேன். ஒரு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரைப் புரட்டிக் காட்டினார்கள். மணப்பெண் வயது என்ற கட்டத்தில் பழைய பக்கங்கள் முழுக்க 18, 18, 18 என்றே இருந்தது, ஒரே கையெழுத்தில். பிந்தைய பக்கங்களில் 19 வந்தது, 22 வந்தது, 24 வந்தது. ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் புதிதாக ஒரு கோடு இழுத்து, பள்ளிச் சான்றிதழின் எண்ணைக் குறித்திருந்தார்கள். இரண்டு இடத்தில் எண் இல்லை; "சான்று வரவில்லை, தேதி தள்ளிவைக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது.